மூடும் பொத்தானும் மீளும் நம்பிக்கையும்: பிரவுசர் டேப்கள் பற்றி ஓர் ஆய்வு

கணினியின் முன் அமர்ந்து வேலை செய்கிறவர்கள் ஒரு நாளில் எத்தனையோ முறை செய்து, செய்ததாக ஞாபகத்தில்கூட வைத்துக்கொள்ளாத காரியங்களுள் ஒன்று, பிரவுசரில் திறந்திருக்கும் டேப் ஒன்றை மூடுவது. விரலின் ஒரு சிறு அசைவில் முடிந்துபோகும் இக்காரியத்தில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பே. ஆனால், மூடும் பொத்தான் ஒவ்வொரு டேப்பிலும் இருக்க வேண்டுமா, வரிசையின் கோடியில் ஒன்றே ஒன்று இருந்தால் போதுமா, பல டேப்களை ஒருசேர மூட முனையும்போது பிரவுசர் நம்மை நிறுத்திக் கேட்க வேண்டுமா, சொன்னதைச் செய்துவிட்டுப் போக வேண்டுமா, ஒன்று மூடியதும் கண்முன் வந்து நிற்க வேண்டியது எது என்னும் கேள்விகளைப் பற்றிப் பிரவுசர்களை வகுப்பவர்களுக்கும் அவற்றை அன்றாடம் கையாள்பவர்களுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் விவாதத்தின் விரிவையும் உக்கிரத்தையும் பார்க்கிற எவருக்கும், இது அற்ப விஷயம் அன்று என்பது விளங்கும். இவ்விருப்பங்கள் மேற்பார்வைக்கு அவரவர் ருசியைப் பொறுத்தவை போலத் தோன்றினாலும், அவற்றுள் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது மூடியது திரும்பக் கிடைக்குமா என்னும் ஒரே அச்சந்தான் என்பதும், அந்த அச்சத்தைப் போக்குவது கருவியை வகுப்பவர்களின் கடமையே ஒழியக் கையாள்பவர்களின் சாமர்த்தியத்துக்கு விடப்பட வேண்டியது அன்று என்பதும் என் அபிப்பிராயம்.

டேப் என்னும் ஏற்பாடு கணினிக்கு முந்தையது. தலைப்பு எழுதுவதற்கான விளிம்பு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அட்டைக்கு அமெரிக்கரான ஜேம்ஸ் நியூட்டன் கன் என்பவர் 1897-இல் காப்புரிமை பெற்றார்; நூலக அட்டைப் பெட்டிகளிலும் அலுவலகக் கோப்புகளிலும் வேண்டியதைத் தலைநீட்டிய விளிம்பைப் பார்த்தே எடுக்கும் பழக்கம் அவ்வாறு பரவிற்று. பிரவுசருக்குள் அது வந்து சேர்ந்த வரலாறு ஒரே பாய்ச்சலில் நடந்ததன்று. செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் எழுதிய முதல் பிரவுசர், பல பக்கங்களைப் பல சாளரங்களில் திறந்து காட்டியது. 1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து உலகெங்கும் பரவிய மொசைக், பெரும்பாலும் ஒரே சாளரத்தில் ஒரு பக்கத்தை மாற்றி மறு பக்கத்தைக் காட்டி, வந்த வழியே திரும்புவதற்குப் பின்செல்லும் பொத்தானைத் தந்தது. டேப்களோடு வந்த முதல் பிரவுசராகப் பொதுவாகச் சொல்லப்படுவது, புக்லிங்க் என்னும் நிறுவனம் 1994-இல் வெளியிட்ட இன்டர்நெட்வொர்க்ஸ். பிறகு 1990-களின் பிற்பகுதியில் நெட்கேப்டர் வந்தது. நார்வே நாட்டு ஓப்பரா, ஒரே சாளரத்துக்குள் பல பக்கங்களை அடக்கும் முறையைத் தொடக்கத்திலிருந்தே கையாண்டது. மொசில்லா தன் 0.9.5 பதிப்பில், 2001 அக்டோபரில், டேப்களைச் சேர்த்தது. ஆப்பிளின் சஃபாரி 2003-இல் சேர்த்தது. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2006 அக்டோபரில் ஏழாம் பதிப்பு வரும்வரை காத்திருந்தது. அதன் பிறகு டேப் இல்லாத பிரவுசர் என்பதே அரிதாயிற்று.

மூடும் பொத்தானின் ஸ்தானத்தைப் பற்றிய தகராறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இதைச் சற்று நின்று பார்ப்பது தகும். 2004 நவம்பரில் வெளிவந்த மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் 1.0-இல், டேப் வரிசையின் வலக்கோடியில் பெருக்கல் குறி வடிவில் ஒரே ஒரு பொத்தான் இருந்தது. கண்முன் எந்த டேப் விரிந்திருக்கிறதோ அதை அப்பொத்தான் மூடும். அதன் இடம் என்றும் மாறாதாகையால், பத்துப் பக்கங்களைப் படித்து முடித்தவர், சுட்டியை அந்த ஓர் இடத்தில் நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணால் பார்த்துக்கொண்டே மூடிக்கொண்டு போகலாம். பார்க்காத ஒன்றை அறியாமல் மூடிவிடும் ஆபத்து இல்லை. ஆனால், பின்னால் நிற்கும் மூன்றாவது டேப்பை மட்டும் மூட விரும்புகிறவர், முதலில் அதைத் தேர்ந்து முன்னால் கொண்டுவந்து, பிறகு திரையின் குறுக்கே வலக்கோடி வரை சென்று, மூடிவிட்டுத் திரும்பி வர வேண்டும். மவுஸின் நடுச்சக்கரத்தால் டேப்பின் மேல் அழுத்தினால் அது மூடிக்கொள்ளும் என்னும் குறுக்குவழி இருந்தது உண்மையே. அதை அறிந்தவர்கள் அதையே பெரிதும் விரும்பினார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வழியைப் புதிதாக வருகிறவர் எவ்வாறு அறிவார்?

2006 அக்டோபரில் வந்த ஃபயர்பாக்ஸ் 2, பழைய வழக்கத்தை மாற்றி ஒவ்வொரு டேப்பிலும் ஒரு மூடும் பொத்தானை வைத்தது. அதே மாதத்தில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7, முன்னால் நிற்கும் டேப்பில் மட்டும் அதை வைத்தது. சஃபாரி, மேக் கணினியில் சாளரத்தை மூடும் பொத்தான் இடப்பக்கம் இருக்கும் மரபையொட்டி, டேப்பின் இடப்பக்கத்தில் வைத்தது. ஒரே காலத்தில் ஒரே காரியத்துக்கு மூன்று கொள்கைகள் நிலவின என்பதை நினைக்கும்போது, இதில் இயற்கையான ஒரே விடை எதுவும் இல்லை என்பது புலப்படுகிறது. கையை ஓர் இலக்குக்குக் கொண்டுசெல்ல ஆகும் நேரம் அவ்விலக்கின் தூரத்தையும் பருமனையும் பொறுத்தது என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் வகுத்த விதியைக்கொண்டு பார்த்தால், டேப்பிலேயே இருக்கும் பொத்தான் அருகில் இருப்பதால் சிறந்தது. ஆனால் அதே விதியைக்கொண்டே, டேப்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றும் குறுகி, தேர்ந்தெடுக்க வேண்டிய தலைப்பும் மூடுவதற்குரிய பொத்தானும் ஒன்றையொன்று நெருங்கி, ஒன்றைத் தொட நினைத்து மற்றொன்றைத் தொட்டுவிடும் அபாயம் வளர்கிறது என்றும் வாதிக்கலாம்.

ஃபயர்பாக்ஸை வகுத்தவர்கள் இந்த அபாயத்தை உணர்ந்தே இருந்தார்கள். டேப்பின் அகலம் 140 பிக்சலுக்குக் கீழே குறைந்தால், முன்னால் நிற்பதைத் தவிர மற்றவற்றில் மூடும் பொத்தான் மறைந்துவிடும்படி செய்தார்கள். அதனினும் மேலாக, அவர்கள் செய்த ஒரு காரியம் என் மதிப்பில் மிகச் சிறந்தது. அபவுட் கான்ஃபிக் என்னும் உள்ளமைப்புப் பக்கத்தில், மூடும் பொத்தானுக்கென்று ஓர் எண்ணை வைத்து, அதற்கு நான்கு மதிப்புகளைத் தந்தார்கள். 0 என்றால் முன்னிற்கும் டேப்பில் மட்டும் பொத்தான். 1 என்றால் எல்லா டேப்களிலும். 2 என்றால் எதிலும் இல்லை. 3 என்றால் பழையபடி வலக்கோடியில் ஒன்று. பெரும்பாலோர்க்கு ஏற்றது 1 என்று தாங்கள் கருதியதை இயல்பாக வைத்து, வேறுவிதமாகக் கருதுகிறவர்கள் தம் கையாலேயே மாற்றிக்கொள்ள இடமும் வைத்தார்கள். நடுச்சக்கரத்தால் மூடிப் பழகியவர் 2-ஐ வைத்துக்கொண்டு, தலைப்புக்கு அதிக இடம் பெற்றார். பழைய பதிப்பில் கை பழகியவர் 3-ஐ வைத்துக்கொண்டார். நால்வகை மனிதர்களும் ஒரே கருவியைச் சண்டையின்றிக் கையாண்டார்கள்.

பின்னர் வந்த பதிப்புகளில் அந்த எண் நீக்கப்பட்டது. அதை நம்பியிருந்தவர்கள் கிளாசிக் தீம் ரெஸ்டோரர் போன்ற நீட்சிகளை நிறுவி இழந்ததை மீட்டுக்கொண்டார்கள். 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57 வந்தபோது, அத்தகைய நீட்சிகள் எந்த அடித்தளத்தின் மேல் நின்றனவோ அந்த அடித்தளமே கைவிடப்பட்டதால், அவ்வழியும் அடைபட்டது. அதன் பிறகும் விடாதவர்கள், பிரவுசரின் தோற்றத்தை விதிக்கும் கோப்பு ஒன்றைத் தாமே எழுதி வைத்துக்கொண்டு, பதிப்புக்குப் பதிப்பு அதைச் செப்பனிட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரு பொத்தானின் இடத்துக்காக மனிதர்கள் இவ்வளவு பிரயாசைப்படுவதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. நாள் முழுதும் ஒரு கருவியோடு வாழ்கிறவனுக்குக் கையின் பழக்கம் என்பது சிந்தனையின் ஒரு பகுதி. அதைக் கலைப்பது அவன் வேலையைக் கலைப்பதாகும்.

கூகுளின் குரோம் 2008 செப்டம்பரில் வந்தபோது, இப்பிரச்சினைக்கு வேறொரு திசையிலிருந்து விடை கண்டது. அதன் நுட்பத்தை உணர வேண்டுமானால், இருபது டேப்கள் திறந்து ஒவ்வொன்றும் குறுகி நிற்கும் ஒரு வரிசையைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஐந்தாவதன் மூடும் பொத்தானை அழுத்துகிறோம். ஒன்று போனதால் கிடைத்த இடத்தை மற்ற பத்தொன்பதும் பங்கிட்டுக்கொண்டு உடனே அகன்றுவிட்டால், ஆறாவதாக இருந்ததன் பொத்தான் சுட்டியின் கீழிருந்து நகர்ந்து எங்கோ போய் நிற்கும். அடுத்ததையும் மூட விரும்புகிறவர் அதைத் தேடிப் போக வேண்டும். குரோமில் அவ்வாறு நேர்வதில்லை. சுட்டி அவ்வரிசையின் மேல் இருக்கும்வரை டேப்கள் தம் அகலத்தை மாற்றிக்கொள்ளாமல், ஆறாவது அப்படியே ஐந்தாவதன் இடத்துக்கு வழுக்கி வந்து, தன் பொத்தானைச் சரியாகச் சுட்டியின் கீழ் கொண்டுவந்து நிறுத்துகிறது. கையை அசைக்காமலே அடுத்ததை, அதற்கடுத்ததை மூடிக்கொண்டே போகலாம். சுட்டி வரிசையைவிட்டு விலகிய பின்பே டேப்கள் அகன்று இடத்தை நிரப்புகின்றன. ஒவ்வொரு டேப்பிலும் பொத்தான் இருப்பதன் சௌகரியமும், மாறாத ஓரிடத்தில் பொத்தான் இருப்பதன் சௌகரியமும் இதில் ஒன்றுசேர்ந்துவிட்டன. பின்னர் ஃபயர்பாக்ஸும் இதை ஏற்றது. நன்றாக யோசித்துச் செய்த வேலை கண்ணுக்கே தெரியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் பிரவுசர்களின் சரித்திரத்தில் எனக்குத் தென்படவில்லை.

மூடுவதற்கு வழிகள் இவ்வளவு செம்மைப்பட்ட பின்பும் மனிதர்கள் ஏன் மூடாமல் வைத்திருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிக் டுப்ராய், ரவின் பாலகிருஷ்ணன் ஆகிய இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபயர்பாக்ஸைக் கையாளும் 21 பேருடைய உபயோகத்தை, ஒவ்வொருவருக்கும் 13 முதல் 21 நாள் வரை பதிவுசெய்து, அவர்கள் எழுதிய நாட்குறிப்புகளோடும் நேர்முக விசாரணையோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பின்செல்லும் பொத்தானைக் காட்டிலும் அதிகமாக டேப்விட்டு டேப் மாறினார்கள் என்பதும், இணைப்பைச் சொடுக்குவதற்கு அடுத்தபடியாக வலையில் நடமாடும் வழி இதுவே ஆகிவிட்டது என்பதும் தெரியவந்தன. இதன் பொருளை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வந்த வழியே திரும்பிப் போகும் பிரயாணமாக இருந்த வலைவாசிப்பு, பல பக்கங்களைச் சுற்றிலும் பரப்பி வைத்துக்கொண்டு நடுவில் அமர்ந்து செய்யும் வேலையாக மாறிவிட்டது.

பரப்பி வைத்துக்கொள்வதன் இயல்பைப் பற்றி, பிரவுசர் டேப் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1983-இல், தாமஸ் மலோன் என்னும் ஆய்வாளர் சிந்தித்திருக்கிறார். அலுவலக ஊழியர்கள் தம் மேசையில் காகிதங்களை எவ்வாறு வைக்கிறார்கள் என்று ஆராய்ந்த அவர், தலைப்பிட்டுக் கோப்பில் வைப்பவர்கள் ஒருசாரார், குவியலாக வைப்பவர்கள் மற்றொரு சாரார் என்று கண்டதோடு நிற்கவில்லை. மேசைமேல் வைக்கும் காகிதம், வேண்டும்போது எடுப்பதற்கு மட்டுமல்லாமல், செய்ய வேண்டியதைக் கண்ணில் பட்டு நினைவூட்டுவதற்காகவும் அங்கே இருக்கிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். கோப்பில் போனது கிடைக்கும், ஆனால் நினைவூட்டாது. டேப்பும் அப்படித்தான். நம் வீட்டுப் பெண்கள் மறந்துபோகக் கூடாத ஒன்றுக்காக முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வதுபோல, கட்ட வேண்டிய மின்கட்டணத்துக்கு ஒரு டேப், படிக்க வேண்டிய கட்டுரைக்கு ஒரு டேப், விலை இறங்கினால் வாங்கலாம் என்று வைத்த பொருளுக்கு ஒரு டேப் என்று திறந்து வைக்கிறோம். காரியம் முடியாமல் முடிச்சை அவிழ்க்க மனம் ஒப்புமா?

இத்தகைய பக்கங்களைச் சேமித்து வைப்பதற்கென்று புக்மார்க் இருக்கிறதே என்று கேட்கலாம். வில்லியம் ஜோன்ஸ், ஹாரி புரூஸ், சூசன் டூமே ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. கண்டெடுத்த பக்கத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ள மனிதர்கள் தமக்குத் தாமே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டார்கள், அச்செடுத்து வைத்தார்கள், முகவரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள். பிரவுசர் தரும் புக்மார்க் அவர்களுடைய பல வழிகளுள் ஒன்றாக மட்டுமே நின்றது. காரணம், ஒரு முறை உள்ளே போனால் அது கண்ணில் படுவதில்லை.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் சீ சாங், அனிகேத் கிட்டூர் முதலானோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, இதை இன்னும் தெளிவாக்கியது. டேப்பைத் திறந்தே வைக்கச் செய்யும் காரணங்களும், மூடச் சொல்லி நெருக்கும் காரணங்களும் ஒரே மனிதருக்குள் ஒரே நேரத்தில் நின்று போராடுகின்றன என்பது அவர்கள் முடிவு. பல டேப்கள் நிற்பதால் கவனம் சிதறுகிறது, பிறர் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது, கணினி திணறுகிறது. ஆய்வின் ஒரு பகுதியில் பங்குகொண்டவர்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர், டேப்களின் மிகுதியால் தம் பிரவுசரோ கணினியோ நிலைகுலைந்து நின்றதாகச் சொன்னார்கள். இருந்தும் மூடவில்லை. கண்ணைவிட்டு மறைந்தது கருந்துளைக்குள் போனதற்குச் சமம் என்னும் அச்சமே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்றோ ஒழுங்கற்றவர்கள் என்றோ சொல்வது அநியாயம். நினைவில் வைக்க வேண்டியது மிகுந்தும், அதை வைப்பதற்கு நம்பகமான இடம் இல்லாமலும் இருக்கும் நிலையில், விவேகமுள்ள எவரும் செய்வதையே இவர்கள் செய்கிறார்கள்.

அச்சம் இதுவானால், அதற்கு மருந்து எது? பிரவுசர்கள் இரண்டு மருந்துகளைத் தந்திருக்கின்றன. ஒன்று எச்சரிக்கை, மற்றொன்று மீட்பு. பல டேப்களோடு சாளரத்தை மூட முனைந்தால், இத்தனை டேப்களை மூடப்போகிறீர்கள், சம்மதந்தானா என்று ஃபயர்பாக்ஸ் கேட்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. மேக் கணினியில் இதற்கு விசேஷமான தேவையும் உண்டு: கமாண்ட் விசையுடன் டபிள்யூவை அழுத்தினால் ஒரு டேப் மூடும், அதன் பக்கத்திலேயே இருக்கும் க்யூவை அழுத்தினால் பிரவுசர் முழுதும் மூடிவிடும். விரல் அரை அங்குலம் தவறியதால் ஒரு காலைப்பொழுதின் தேட்டம் மறைந்துபோவது எத்தனை பேருடைய அனுபவம்! அதனால்தான் குரோம், மேக் கணினியில், வெளியேறுவதற்கு முன் விசையைச் சற்று அழுத்திப் பிடிக்கச் சொல்லும் ஓர் அமைப்பை வைத்திருக்கிறது.

எச்சரிக்கையின் குறையை நன்றாக எடுத்துச் சொன்னவர், பின்னால் மொசில்லாவில் பணியாற்றிய ஏஸா ராஸ்கின். எச்சரிக்கைப் பெட்டி திரும்பத் திரும்ப வருமானால், அதைப் படிக்காமலே சம்மதம் என்று அழுத்துவது கைப்பழக்கமாகிவிடும். உண்மையாகவே தவறு செய்யும் நாளிலும் கை அதையே செய்யும். ஆகையால் எச்சரிப்பதைவிட, செய்ததைத் திருப்பிக்கொள்ள வழி வைப்பதே முறை என்று அவர் 2007-இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். இதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஃபயர்பாக்ஸ் 2, மூடிய டேப்பைத் திரும்பத் திறக்கும் வசதியையும், பிரவுசர் திடீரென்று நின்றுபோனால் இருந்த டேப்களை எல்லாம் மீட்கும் வசதியையும் அதற்கு முந்தின ஆண்டே தந்துவிட்டது. கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு டி எழுத்தை அழுத்தினால், கடைசியாக மூடியது அதன் பழைய இடத்திலேயே, பின்செல்லும் வரலாற்றோடு வந்து நிற்கிறது. மீண்டும் அழுத்தினால் அதற்கு முன் மூடியது. ஃபயர்பாக்ஸ் இயல்பாக 25 டேப்கள் வரை இவ்வாறு ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மீட்கும் வசதி நன்கு வேரூன்றியபின், 2021 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 94, பட்டியலாலோ பொத்தானாலோ சாளரத்தை மூடும்போது எச்சரிப்பதை இயல்பில் நிறுத்திக்கொண்டது. வேண்டுகிறவர்கள் அமைப்புகளில் போய் அதைத் திரும்பப் பெறலாம் என்றும் வைத்தது. இயல்பை மாற்றினாலும் விருப்பத்தைப் பறிக்கவில்லை என்பதால், இது நேர்மையான மாற்றம்.

ஆனால் மீட்பு எல்லாவற்றையும் மீட்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாதி நிரப்பிய விண்ணப்பம், வங்கியின் பக்கத்தில் நடுவில் நிற்கும் பரிவர்த்தனை, எழுதி அனுப்பாத கடிதம் இவை டேப்போடு மூடிப்போனால், டேப் திரும்பி வந்தாலும் அவை முழுமையாக வரும் என்று நம்புவதற்கில்லை. ரகசியச் சாளரத்தில் மூடியதோ, அச்சாளரமே போன பிறகு மீள்வதில்லை. எச்சரிக்கைக்கு நியாயமான இடம் அங்கேதான் இருக்கிறது. இழப்பு மெய்யாக நேரக்கூடிய இடத்தில் மட்டும் நிறுத்திக் கேட்டால், கேட்கும் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

மூடிய பிறகு எந்த டேப் முன்வர வேண்டும் என்பதிலும் கருத்துவேற்றுமை உண்டு. பக்கத்து டேப் வரட்டும் என்பவர்களுக்கு வரிசையின் ஒழுங்கு முக்கியம்; கடைசியாகப் பார்த்தது வரட்டும் என்பவர்களுக்குத் தம் சிந்தனையின் ஒழுங்கு முக்கியம். ஒரு பக்கத்திலிருந்து திறந்து உடனே படித்த டேப்பை மூடினால், அதைத் திறந்த தாய்ப்பக்கத்துக்கே ஃபயர்பாக்ஸ் கொண்டுபோய் விடுகிறது. இடையில் வேறெங்காவது போயிருந்தால் பக்கத்து டேப்பைக் காட்டுகிறது. இதை விரும்பாதவர் மாற்றிக்கொள்ள உள்ளமைப்பில் இடம் இருக்கிறது. கடைசி டேப்பை மூடினால் சாளரமும் மூட வேண்டுமா என்பதற்கும் அங்கே ஓர் அமைப்பு உண்டு.

டேப்கள் பெருகினால் வரும் இடர் தமிழில் படிப்பவர்களுக்குச் சற்று அதிகம். திருவாரூரின் கோயிலைப் பற்றி ஒன்று, அங்கே ஓடும் தேரைப் பற்றி ஒன்று, அவ்வூர் போகும் ரயிலின் நேரத்தைப் பற்றி ஒன்று என்று மூன்று தமிழ்ப் பக்கங்களைத் திறந்து வைத்தால், டேப்கள் குறுகிய பிறகு மூன்றிலும் தெரிவது 'திருவா' என்னும் மூன்று எழுத்துகளே. அகலமான எழுத்துகளைக் கொண்ட மொழிக்கு மேலே கிடையாக நிற்கும் வரிசை போதாது. தலைப்புகளைப் பக்கவாட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் முறையை 2007-இல் வந்த ட்ரீ ஸ்டைல் டேப் என்னும் நீட்சி ஃபயர்பாக்ஸுக்குக் கொண்டுவந்தது; மைக்ரோசாஃப்ட் எட்ஜ் 2021-இலும், ஃபயர்பாக்ஸ் தானாகவே 2025 மார்ச்சிலும் அதை ஏற்றன. தமிழ்ப் பக்கங்களை அதிகம் படிப்பவர்கள் இதை ஒருமுறையேனும் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி, மூடும் காரியத்தைப் பிரவுசரே நமக்காகச் செய்துவிடும் முறையைப் பார்க்கலாம். கைபேசியில் டேப் வரிசை கண்ணில் படாமல் ஒரு சிறு எண்ணுக்குள் ஒடுங்கிவிடுவதால், அவை எண்ணற்றுச் சேர்கின்றன. ஆண்ட்ராய்டில் குரோம் நூறு டேப்களுக்கு மேல் எண்ணைக் காட்டுவதையே விட்டுவிட்டு ஒரு சிரிக்கும் முகக் குறியைக் காட்டுகிறது. ஐபோனின் சஃபாரி 500 டேப்களோடு நிறுத்திக்கொள்கிறது. 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், ஒரு நாளோ ஒரு வாரமோ ஒரு மாதமோ கழிந்த டேப்களைத் தானே மூடும் அமைப்பும் அதில் உண்டு. ஆனால் பயனாளர் தாமே போய்த் தேர்ந்தெடுத்தாலன்றி அது செயற்படாது. ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸ், 14 நாள் தொடாத டேப்களை மூடாமல், செயலற்றவை என்னும் தனிப் பகுதிக்கு ஒதுக்கி வைக்கிறது. ஆர்க் என்னும் பிரவுசர் 12 மணி நேரத்திலேயே டேப்பை ஒதுக்கிவிடுவதை இயல்பாகக் கொண்டிருந்தாலும், ஒதுக்கியதை ஒரு களஞ்சியத்தில் தேடி எடுக்க வழி வைத்திருக்கிறது. முன்னர்ச் சொன்ன ஆய்வுகளின் ஒளியில் பார்த்தால், கண்முன்னிருந்து அகற்றினாலும், அகற்றியது எங்கே இருக்கிறது என்று சொல்லும் முறையே ஏற்கத்தக்கது. நினைவூட்டுவதற்காக வைத்த ஒன்றைச் சொல்லாமல் எடுத்துவிடும் கருவியை மனிதர்கள் மறுபடியும் நம்பமாட்டார்கள். நம்பாதவர்கள் இன்னும் அதிகமான டேப்களைத் திறந்துவைத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, விருப்ப அமைப்புகளை நீக்குகிறவர்கள் சொல்லும் ஒரு காரணத்தைப் பரிசீலிக்க வேண்டும். இதைக் கையாள்பவர்கள் மிகச் சிலரே என்பது அது. ஏஸா ராஸ்கின் 2010-இல் முன்வைத்த, டேப்களைக் குழுக்களாகப் பிரித்து ஒரு விரிந்த பரப்பில் அடுக்கும் திட்டம், பனோரமா என்னும் பெயரோடு 2011-இல் ஃபயர்பாக்ஸ் 4-இல் இடம்பெற்றது. கையாள்பவர்கள் குறைவு என்னும் காரணத்தால் 2016 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 45-இலிருந்து அகற்றப்பட்டது. கையாள்பவர்களின் தொகை ஓர் அமைப்பு எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது என்பதைக் காட்டுமே அன்றி, தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் காட்டாது. குரோம் 2020-இல் டேப் குழுக்களைக் கொண்டுவந்தது. சஃபாரி 2021-இல் கொண்டுவந்தது. ஃபயர்பாக்ஸும், பயனாளர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டதன் பேரில், 2025 ஏப்ரலில், 138-ஆம் பதிப்பில், டேப் குழுக்களைத் திரும்பக் கொண்டுவந்தது. அகற்றப்பட்ட நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிரவுசர்களை வகுப்பவர்களுக்கு நான் முன்வைக்கும் விண்ணப்பம் இதுதான்: பெரும்பாலோர்க்கு எது ஏற்றதோ அதை இயல்பாக வையுங்கள், மூடியது மீளும் என்பதை எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள், சிலர் மட்டுமே தொடும் அமைப்புகளைச் சிலர் மட்டுமே தொடுகிறார்கள் என்பதற்காகப் பறிக்காதீர்கள். குழுக்கள் திரும்பி வந்துவிட்டன. மூடும் பொத்தானின் இடத்தைத் தேர்ந்துகொள்ளும் அந்த நான்கு எண்களும் அவ்வாறே திரும்ப வேண்டும்.